சுருள் பாக்டீரியாவில் இழைப் புரத மரபணுவை முடக்கிய பிறகு: அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

மரபணுவை உடைக்கும் கேசட் (ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ துண்டு) உள்ளே போய்விட்டது, அதைச் சரிபார்க்கும் பிசிஆரும் சரியாக வந்திருக்கிறது. ஆனால் நுண்ணோக்கியில் தெரிவது நினைத்தது போல் இல்லை. ஸ்பைரோகீட்டுகளில், அதாவது சுருள் பாக்டீரியாக்களில், வேலை செய்பவர்களுக்கு இது வாடிக்கை. ஈ.கோலையில் பழகிய கண்ணோடு இவற்றைப் பார்ப்பதுதான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். ஈ.கோலையின் கசையிழை (நீந்த உதவும் சுழலும் இழை) வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கினால் நகர்வு போகும், உருவம் அப்படியே இருக்கும். ஸ்பைரோகீட்டில் கசையிழை வெளிச்சவ்வுக்கும் செல் உடலுக்கும் நடுவே உள்ளேயே சுற்றிக் கிடக்கிறது. ஒவ்வொரு முனைக்கருகிலும் வேரூன்றி, நடுப்பகுதியை நோக்கி ஓடுகிறது. நகர்த்துவது அது, சில இனங்களில் உடலுக்கு உருவம் கொடுப்பதும் அதுதான்.

இழையின் மையத்தண்டு ஃப்ளா-பி புரதத்தால் ஆனது. அதன்மேல் ஃப்ளா-ஏ உறையாகச் சேர்கிறது. ஸ்பைரோகீட் பேரினங்களான ட்ரெபோனிமாவிலும் பிராக்கிஸ்பைராவிலும் ஃப்ளா-பி ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்களில் இருந்து வருகிறது. லெப்டோஸ்பைராவில் எஃப்சிபி-ஏ, எஃப்சிபி-பி என்று கூடுதல் உறைப் புரதங்களும் உண்டு. இவை எல்லாம் ஒரே வழியில் வெளியேறுவதில்லை. ஃப்ளா-பி கசையிழையின் உட்குழாய் வழியாகவே முனைக்குப் போகிறது. ஃப்ளா-ஏ தன் தொடக்கத்தில் உள்ள சமிக்ஞைத் துண்டைக் காட்டி உள்சவ்வைத் தாண்டுகிறது. கீழே வரும் பல பிழைகளுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

குளோனே கிடைக்கவில்லை

மாற்றம் ஏறிய ஒற்றைச் செல்லின் சந்ததியே, அதாவது குளோனே, வரவில்லை என்றால் பேச்சை நீட்ட வேண்டியதில்லை. பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. எலக்ட்ரோபொரேஷனுக்கு (மின்னதிர்ச்சியால் டிஎன்ஏவைச் செல்லுக்குள் ஏற்றுவதற்கு) முன் செல்களைக் கழுவியதில் உப்பு மிஞ்சியிருக்கும், அல்லது டிஎன்ஏ தண்ணீரில் இல்லாமல் பஃபரில் இருந்திருக்கும். சுக்ரோஸும் கிளிசராலும் கலந்த குளிர்ந்த கரைசலில் இன்னொரு முறை கூடுதலாகக் கழுவிப் பாருங்கள். மின்னதிர்ச்சி கொடுத்த கையோடு ஆன்டிபயாடிக் போடக் கூடாது. ஓர் இரவு முழுக்க மீளவிட வேண்டும்.

லைம் நோய் தரும் பொரேலியா பர்க்டார்ஃபெரியில் இன்னொரு தடை உண்டு. பி31 வகையின் எல்பி25, எல்பி56 ஆகிய பிளாஸ்மிட்களில் (நிறமூர்த்தத்துக்கு வெளியே உள்ள தனி டிஎன்ஏக்களில்) வெளி டிஎன்ஏவை வெட்டும் அமைப்பின் மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றைச் சுமக்கும் வகையில் வெளி டிஎன்ஏ எளிதில் ஏறாது. இழந்துவிட்ட வகையில் நன்றாக ஏறும். பல தலைமுறை வளர்த்த பழைய கல்ச்சர் சட்டென்று வேலை செய்வதும், தொற்றும் திறன் உள்ள புது கல்ச்சர் முரண்டு பிடிப்பதும் இதனால்தான். அந்த வசதிக்கு விலை உண்டு. கடைசி அறிகுறியில் அதைப் பார்ப்போம்.

லெப்டோஸ்பைரா என்றால், பொறுமை இல்லாததுதான் பல நேரம் பிழை. நோய் தராத பைஃப்லெக்ஸா இனம் ஒரு வாரத்தில் அகாரில் கண்ணுக்குத் தெரியும். எலிக்காய்ச்சல் தரும் இன்டெரோகன்ஸ் ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் வாரத்தில் பிளேட்டை வீசிவிட்டுக் குளோன் வரவில்லை என்று எழுதியிருந்தால், நோட்டில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

ஃப்ளா-பி போய்விட்டது, உருவம் மாறவில்லை

முதல் கேள்வி: எந்த இனம்? இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு அடி கூட எடுத்து வைக்க முடியாது.

பொரேலியா பர்க்டார்ஃபெரி தட்டையான அலை வடிவில் இருக்கும். ஒவ்வொரு முனையிலிருந்தும் 7 முதல் 11 கசையிழைகள் கிளம்பி, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, ஒரு பட்டையாகச் செல்லைச் சுற்றுகின்றன. 2000-இல் ஃப்ளா-பி மரபணுவை முடக்கியபோது அந்த அலை முற்றிலும் மறைந்து செல் நேரான கோலாகிவிட்டது. ஆகவே பொரேலியாவில் ஃப்ளா-பி உண்மையிலேயே போயிருந்தால் அலை இருக்கவே முடியாது. இருந்தால் உங்கள் குளோன் கலப்படம், அல்லது கேசட் வேறெங்கோ உட்கார்ந்திருக்கிறது. திரும்பவும் ஒற்றைக் குளோன் எடுங்கள். கேசட்டுக்குள் ஒரு பிரைமர், மரபணுவுக்கு வெளியே ஒரு பிரைமர் என்று இரு முனைச் சந்திப்புகளையும் பிசிஆரில் காட்டுங்கள். அப்புறம் ஃப்ளா-பி எதிர்ப்பொருள் வைத்து வெஸ்டர்ன் பிளாட் (ஜெல்லில் பிரித்த புரதத்தை எதிர்ப்பொருளால் அடையாளம் காணும் சோதனை) ஓட்டுங்கள். 41 கிலோடால்டன் இடத்தில் எதுவும் தெரியக் கூடாது.

லெப்டோஸ்பைராவில் கதை வேறு. முனைக்கு ஒன்றாக மொத்தம் இரண்டே கசையிழைகள், அவையும் குட்டை. நடுவில் சந்திப்பதே இல்லை. 2001-இல் பைஃப்லெக்ஸாவில் ஃப்ளா-பியை முடக்கியபோது கசையிழை போனது, நகர்வு போனது, ஆனால் உடலின் நெருக்கமான சுருள் அப்படியே இருந்தது. அந்தச் சுருளைத் தாங்குவது கசையிழை அல்ல, செல் உடல்தான். அதனால் இங்கே உருவம் மாறாதது பிழையே அல்ல. நடு உடலை விட்டுவிட்டு முனைகளைப் பாருங்கள். சாதாரண செல்லின் முனை கொக்கி போலவோ அகன்ற சுருளாகவோ வளையும். முடக்கிய செல்லில் அந்த வளைவு இருக்காது.

ட்ரெபோனிமா டென்டிகோலா இரண்டுக்கும் இடைப்பட்டது. இழையையும் மோட்டாரையும் இணைக்கும் கொக்கியின் புரதத்தைத் தரும் எஃப்எல்ஜி-இ மரபணுவை முடக்கிக் கசையிழையே இல்லாமல் செய்தாலும் செல் கோலாவதில்லை, முறுக்கு மிஞ்சுகிறது. பொரேலியா ஆய்வுக் கட்டுரையைப் படித்துவிட்டு ட்ரெபோனிமாவில் கோல் வடிவத்தைத் தேடிக்கொண்டிருப்பது வீண்வேலை.

உருவ மாற்றம் இழை இல்லாததால் வந்ததா, நகர்வு நின்றதால் வந்ததா என்று கேட்பவர்களுக்கு நல்ல கட்டுப்பாடு ஒன்று உண்டு: பொரேலியாவின் மோட்-பி முடக்கம். அதில் கசையிழைகள் முழுதாக இருக்கும், சுழற்றும் மோட்டார் மட்டும் வேலை செய்யாது. செல் அசையாது, அலை வடிவம் மாறாது. இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் உருவத்தைப் பற்றி முடிவு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

ஆர்என்ஏ சரியாக இருக்கிறது, புரதம் காணோம்

ஆர்என்ஏ அளவைக் காட்டும் க்யூ-பிசிஆரில் ஃப்ளா-ஏ தூது ஆர்என்ஏ சாதாரண அளவில் இருக்கும். வெஸ்டர்னில் பட்டை மங்கியிருக்கும். எதிர்ப்பொருள் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதுக் குப்பிக்கு ஆர்டர் போடுவார்கள். அவசரப்படாதீர்கள்.

பொரேலியாவில் ஃப்ளா-பி இல்லாத செல்லில் ஃப்ளா-ஏ புரதமும் பெருமளவு குறைந்துவிடும். அதன் ஆர்என்ஏ குறையாது. 2004-இல் இது தெளிவாகக் காட்டப்பட்டது. கொக்கி இல்லாத செல்லிலும் இதே போக்கு: ஃப்ளா-பி ஆர்என்ஏ இருக்கும், புரதம் சரிந்திருக்கும். சால்மோனெல்லாவிலும் ஈ.கோலையிலும் பிந்தைய மரபணுக்களின் படியெடுப்பை (டிஎன்ஏவில் இருந்து ஆர்என்ஏ உருவாவதை) தொடக்கும் சிக்மா-28 என்ற காரணி, கொக்கி முடியும் வரை அடக்கி வைக்கப்படுகிறது. பொரேலியாவின் நகர்வு மரபணுக்கள் அந்தக் காரணியை நம்பி இல்லை, பொதுவான சிக்மா-70 வழியிலேயே படியெடுக்கப்படுகின்றன. எனவே கடிவாளம் அடுத்த படியில், மொழிபெயர்ப்பில் இருக்கிறது. சிஎஸ்ஆர்-ஏ புரதம் ஃப்ளா-பி ஆர்என்ஏவின் முன்பகுதியில் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதைத் தடுக்கிறது. அந்தப் புரதத்தை அளவுக்கு மீறி உற்பத்தி செய்தால் ஃப்ளா-பி குறையும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். ஒரு கசையிழை மரபணுவை முடக்கினால், மற்றக் கசையிழைப் புரதங்கள் நாலைந்தையாவது வெஸ்டர்னில் ஓட்டிப் பாருங்கள். ஆர்என்ஏ அளவை மட்டும் வைத்து மற்ற மரபணுக்கள் பாதிக்கப்படவில்லை என்று எழுதாதீர்கள். ஸ்பைரோகீட்டில் அந்த வாக்கியத்துக்கு மதிப்பில்லை. லோடிங் கட்டுப்பாட்டுக்கு, அதாவது எல்லா மாதிரியிலும் சம அளவு புரதம் போட்டதைக் காட்டும் பட்டைக்கு, கசையிழையோடு தொடர்பில்லாத புரதமாக எடுங்கள். ஃப்ளா-பியையே லோடிங் கட்டுப்பாடாகப் போடும் வழக்கம் பொரேலியா ஆய்வகங்களில் உண்டு. வேறு ஆய்வுகளுக்கு அது சரி, இங்கே தற்கொலைக்குச் சமம்.

ஆர்என்ஏவும் புரதமும் இரண்டும் காணோம் என்றால் அது வேறு நோய். எஃப்எல்ஜி-இ போன்றவை நீண்ட ஓபெரானுக்குள் (ஒன்றாகவே படியெடுக்கப்படும் மரபணு வரிசைக்குள்) இருக்கின்றன. பொரேலியாவின் எஃப்எல்ஜி-பி ஓபெரான் 26 மரபணுக்கள் கொண்டது. தன் சொந்த ப்ரோமோட்டரோடு (படியெடுப்பைத் தொடக்கும் டிஎன்ஏ பகுதியோடு) ஒரு கேசட்டை நடுவில் செருகினால், பின்னால் வரும் மரபணுக்கள் அடங்கிப்போகலாம் அல்லது மிஞ்சி எழலாம். ப்ரோமோட்டர் இல்லாத கானமைசின் மரபணுவை, வாசிப்புச் சட்டகம் மாறாமல், முடக்கும் மரபணுவின் இடத்திலேயே வைப்பதுதான் பாதுகாப்பான வழி.

எஃப்எல்ஜி-இ பட்டை ஜெல்லின் உச்சியில் நிற்கிறது

சாதாரண செல்லின் சாற்றை நன்றாகக் கொதிக்கவைத்து எஸ்டிஎஸ் ஜெல்லில் ஓட்டுகிறீர்கள். கொக்கிப் புரதம் அதன் கணக்குப்படியான இடத்தில் சரியாக வராமல், கிணற்றுக்குப் பக்கத்தில், 250 கிலோடால்டனுக்கு மேலே, கறையாக நிற்கிறது. மாதிரி சரியாகக் கரையவில்லை என்று தோன்றும். மெர்கேப்டோஎத்தனால் கூட்டிப் பார்ப்பீர்கள், யூரியா போடுவீர்கள், மீண்டும் கொதிக்கவைப்பீர்கள். எதுவும் ஆகாது, ஏனென்றால் இங்கே பிழையே இல்லை.

ஸ்பைரோகீட்டின் கொக்கிப் புரத அலகுகள் ஒன்றோடொன்று சகப்பிணைப்பால் பூட்டிக்கொள்கின்றன. 2016-இல்தான் அந்தப் பிணைப்பு எது என்று பிடிபட்டது: லைசினோஅலனின். ஒரு அலகின் லைசினும் பக்கத்து அலகின் சிஸ்டீனும் சேர்ந்து, சிஸ்டீனின் கந்தகம் கழன்று, இந்தப் பாலம் உருவாகிறது. டென்டிகோலாவில் 165-ஆம் இடத்து லைசினும் 178-ஆம் இடத்து சிஸ்டீனும். டைசல்ஃபைடு அல்ல என்பதால் மெர்கேப்டோஎத்தனால் போன்ற ஒடுக்கிகளுக்கு அது அசைந்து கொடுக்காது.

அப்படியென்றால் கவலைப்பட வேண்டியது எப்போது? கறை இல்லாமல் ஒற்றை அலகுப் பட்டை மட்டும் வந்தால். கொக்கி கட்டப்படவில்லை, அல்லது அந்த சிஸ்டீன் மாறிவிட்டது என்று பொருள். சிஸ்டீனை மாற்றிய செல்லில் கொக்கியும் இழையும் உருவாகும், ஆனால் நகர்வு பழுதாகும். கசையிழைகள் செல்லுக்குள் நெருக்கிக்கொண்டு சுழலும்போது வரும் இழுவையைத் தாங்க இந்தப் பூட்டு தேவைப்படுகிறது.

வெஸ்டர்னுக்காகப் புரதத்தை ஜெல்லில் இருந்து சவ்வுக்கு மாற்றும்போது உச்சிப் பகுதியை வெட்டி எறியும் பழக்கம் இருந்தால் இந்தச் செய்தி மொத்தமும் குப்பைக்குப் போகும். உச்சியில் உள்ள அடுக்கு ஜெல்லையும் சேர்த்தே மாற்றுங்கள்.

லெப்டோஸ்பைரா ஒரே இடத்தில் துடிக்கிறது, முன்னேறவில்லை

இருள்புல நுண்ணோக்கியில் செல் உயிரோடு நெளிகிறது. இடம் மட்டும் பெயரவில்லை. முனைகள் நேராக இருக்கின்றன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் கசையிழையும் இருக்கிறது. அப்படியானால் சந்தேகம் மையத்தண்டின் மேல் அல்ல, உறையின் மேல் விழ வேண்டும்.

லெப்டோஸ்பைராவின் கசையிழையைப் பிரித்தெடுத்தால் அது சுருண்டு கிடக்கும். 2016-இல் விவரிக்கப்பட்ட எஃப்சிபி-ஏ இல்லாத செல்லில் அதே இழை மெலிந்து, நேராகிவிடுகிறது. செல் முனையை வளைக்க அதற்குத் தெம்பில்லை. 2020-இல் வந்த கட்டமைப்பு ஆய்வு காரணத்தைக் காட்டியது: எஃப்சிபி-ஏவும் எஃப்சிபி-பியும் தண்டைச் சுற்றிலும் சீராகப் படிவதில்லை, வளைவின் வெளிப்புறமாக ஒரு பக்கத்தில்தான் படிகின்றன, ஃப்ளா-ஏ இருப்பது எதிர்ப்பக்கம். ஒரு பக்கம் மட்டும் பசை தடவிய காகிதம் சுருண்டுகொள்வதைப் போல, இந்தச் சமச்சீரின்மைதான் இழைக்குச் சுருள் கொடுக்கிறது. ஃப்ளா-ஏ2 முடக்கத்திலும் கிட்டத்தட்ட இதே காட்சி: கசையிழை உண்டு, முனை வளைவு இல்லை, முன்னேற்றம் இல்லை, ஹாம்ஸ்டரில் நோய் உண்டாக்கும் திறனும் இல்லை. எனவே கண்ணால் பார்த்து இது எந்த மரபணு என்று சொல்ல முடியாது, வெஸ்டர்ன் வேண்டும்.

நீங்கள் எதையுமே முடக்காத கல்ச்சரில் இந்த அறிகுறி வந்தால்? வரலாம். எஃப்சிபி-ஏ மரபணுவில் ஒற்றை எழுத்து நுழைந்து வாசிப்புச் சட்டகம் குலைந்த செல்கள் தானாகவே தோன்றியிருக்கின்றன. அந்த மரபணு கவனத்துக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. ஆய்வகத்தில் நீண்ட நாள் வளர்க்கும்போது நகராத செல்லுக்கு எந்த நஷ்டமும் இல்லை, அதனால் அது தங்கிவிடும். ஆகவே மரபணு மாற்றம் தொடங்கும் முன்பே தாய் கல்ச்சரை மென்மையான அகாரில் பரப்பி, நன்றாகப் பரவும் ஒரு குளோனை எடுத்து உறையவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லா ஒப்பீடும் அந்தக் குப்பியோடுதான். ஒருவர் வைத்திருக்கும் பைஃப்லெக்ஸா இன்னொருவரின் பைஃப்லெக்ஸா அல்ல.

செல் நகர்கிறது, அகாரில் வட்டம் சிறியது

இது இழைப் பிழையாக இருக்க வேண்டியதில்லை. அகாரில் வட்டம் பெரிதாக மூன்று வேண்டும்: நகர்வு, திசை மாற்றம், வளர்ச்சி. பொரேலியாவில் திசை மாற்றத்துக்கான சீ-ஏ2 மரபணு முடங்கினால் செல் நிற்காமல் ஒரே போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும், வேகத்துக்குக் குறைவில்லை, ஆனால் வட்டம் சுருங்கும். வளர்ச்சி வேகத்தை முதலில் தனியாக அளந்துவிடுங்கள். அப்புறம் 1 சதவீத மெத்தில்செல்லுலோஸ் கலந்த ஊடகத்தில் தனிச் செல்களைப் படம்பிடித்து வேகத்தைக் கணக்கிடுங்கள். தண்ணீர் போன்ற ஊடகத்தில் நல்ல செல்லும் நெளிந்துகொண்டு நிற்கும், அதைப் பார்த்து நகர்வு போச்சு என்று முடிவு கட்டக் கூடாது.

மரபணு போயும் எதுவுமே ஆகவில்லை

ஒன்றுக்கு மேல் ஃப்ளா-பி இருக்கும் இனங்களில் இது சகஜம். பன்றிகளுக்கு வயிற்றுக்கடுப்பு தரும் பிராக்கிஸ்பைரா ஹியோடிசென்டெரியேவில் ஃப்ளா-பி1, பி2, பி3 என மூன்று உண்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் இழை உருவாகிறது, செல் சற்று மந்தமாக நகர்கிறது. பி1, பி2 இரண்டையும் சேர்த்து எடுத்தால்தான் இழை இல்லாமல் போகிறது. எனவே இரட்டை முடக்கத்துக்கு இரண்டாவது ஆன்டிபயாடிக் கேசட்டை முதல் நாளே திட்டத்தில் சேருங்கள்.

எண்ணிக்கையை வைத்து மட்டும் ஊகிக்கவும் முடியாது. லெப்டோஸ்பைராவில் ஃப்ளா-பி போன்ற மரபணுக்கள் நான்கு இருக்கின்றன. பைஃப்லெக்ஸாவில் ஒன்றை முடக்கியதிலேயே கசையிழை காணாமல் போனது.

செல்கள் பிரியாமல் சங்கிலியாக நீள்கின்றன

பொரேலியாவின் ஃப்ளா-பி முடக்கத்தில் இது எதிர்பார்க்கக்கூடியதே. நகராத செல்கள் குழாயின் அடியில் படிவதும் அப்படித்தான், மெதுவாகக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு எண்ணுங்கள்.

ட்ரெபோனிமாவில் சங்கிலி தெரிந்தால் வேறு ஓர் இழையையும் நினைவில் வையுங்கள். அவற்றின் செல் உள்ளே, உள்சவ்வுக்கு அடியில், நாடா போல நீளும் சைட்டோபிளாச இழைகள் உண்டு. சிஎஃப்பி-ஏ புரதத்தால் ஆனவை, கசையிழையோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டென்டிகோலாவில் 2001-இல் இந்த மரபணுவை முடக்கியபோது செல்கள் சரியாகப் பிரியாமல் சங்கிலியாயின, டிஎன்ஏ பங்கீடும் குலைந்தது. டிஎன்ஏ சாயம் போட்டு, சங்கிலிக்குள் டிஎன்ஏ சம இடைவெளியில் பிரிந்து நிற்கிறதா, கலைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இதே கேள்வியை சிபிலிஸ் தரும் ட்ரெபோனிமா பல்லிடத்தில் கேட்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை முயல் எபிதீலியச் செல்களோடு சேர்த்துத் தொடர்ந்து வளர்க்கும் முறையே 2018-இல்தான் வந்தது, மரபணு மாற்றம் 2021-இல். டென்டிகோலாவில் கையைப் பழக்கிக்கொண்டு போவது நல்லது.

மரபணுவைத் திருப்பிக் கொடுத்தும் பழைய நிலை வரவில்லை

அளவை முதலில் சந்தேகியுங்கள். ஃப்ளா-பி பொரேலியாவின் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாத அளவு இருக்கும் புரதம். பிளாஸ்மிடில் இருந்து கொஞ்சமாக வந்தால் பாதி நீள இழைகளும் பாதி வளைந்த செல்களும்தான் கிடைக்கும். 2001-இல் பொரேலியாவின் ஃப்ளா-பியை மீட்டவர்கள் அதை நிறமூர்த்தத்திலேயே திரும்பச் சேர்த்தார்கள். முடிந்தால் அப்படியே செய்யுங்கள், மரபணுவின் சொந்த ப்ரோமோட்டரோடு.

அடுத்தது ஒட்டுகள், அதாவது புரதத்தை அடையாளம் காணச் சேர்க்கும் துண்டுகள். எச்ஐஎஸ்-டேக், ஃப்ளாக்-டேக், ஒளிரும் புரதம் எதையும் ஃப்ளா-பியின் முனைகளில் மாட்டாதீர்கள். இழை கட்டும்போது இரு முனைகளும் உள்ளே மடங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. சால்மோனெல்லாவின் ஃப்ளாஜெல்லினில் வெளியே துருத்தும் நடுப்பகுதி ஒன்று உண்டு, அதில் எதையாவது செருகித் தப்பித்துக்கொள்ளலாம். ஸ்பைரோகீட்டின் ஃப்ளா-பியில் அந்தப் பகுதியே இல்லை. ஃப்ளா-ஏ, எஃப்சிபி-ஏ ஆகியவற்றில் தொடக்க முனை சமிக்ஞைத் துண்டு, அங்கும் கை வைக்கக் கூடாது.

கேசட்டும் மீட்புப் பிளாஸ்மிடும் ஒரே ஆன்டிபயாடிக்கைத் தாங்கினால் தேர்வே நடக்காது. முடக்கத்துக்குக் கானமைசின் என்றால் மீட்புக்கு ஜென்டாமைசின் அல்லது ஸ்ட்ரெப்டோமைசின்.

சுண்டெலியில் தொற்றவில்லை

கொண்டாட வேண்டாம். பொரேலியா வளர்ப்பில் பிளாஸ்மிட்களை உதறிக்கொண்டே இருக்கும். எல்பி25 போனால் நிகோடினமைடைச் சிதைக்கும் பிஎன்சி-ஏ நொதியும் போகும். அந்த நொதி இல்லாமல் அது எலியில் பிழைக்காது, கசையிழை எவ்வளவு நன்றாக இருந்தாலும். எல்பி28-1 போனால் மேற்பரப்புப் புரதத்தை மாற்றிக்கொண்டு எதிர்ப்பாற்றலில் இருந்து நழுவும் திறன் போகும். எளிதில் எலக்ட்ரோபொரேஷன் ஏறிய அந்தக் குளோன்தான் எல்பி25-ஐ இழந்த குளோனாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆகவே ஊசி போடும் முன் தாய் கல்ச்சர், முடக்கிய குளோன், மீட்ட குளோன் மூன்றிலும் எல்லாப் பிளாஸ்மிட்களுக்கும் பிசிஆர் போட்டு ஒரே அட்டவணையில் வையுங்கள். மூன்று வரிசையும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தக் குளோன்களை ஒதுக்கிவிட்டு, ஒரே எலக்ட்ரோபொரேஷனில் கிடைத்த மற்றக் குளோன்களைச் சோதியுங்கள். முழுத் தொகுதியும் உள்ள ஒன்று அவற்றுக்குள் இருக்கக்கூடும்.